மேல் ஓட்டை

அந்தக் கம்ப்யூட்டர் கார்டில் ஒரு குறையும் இல்லை, தம்பி. கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சண்டை போட வேண்டாம். நல்ல சரக்காகத்தான் பார்த்து வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒயரும் நல்ல ஒயர், மானிட்டரும் நல்ல மானிட்டர். எங்கள் வீட்டுக் கரண்டின் மேல் பழி போட்டீர்களே, அதுவும் பாவம், ஒழுங்காகத்தான் வந்துகொண்டிருந்தது.

இப்படி உட்காருங்கள். ஆஸ்பத்திரி பெஞ்சு, கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். பாப்பா உள்ளே அவள் அம்மாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாள். நேரம் ஆகும்.

சற்றுமுன் நீங்கள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு, “என் தப்புதாண்ணே, நான் ஒரு தடவை உள்ள வந்து பாத்திருக்கணும்” என்றபோது எனக்குத் தாங்கவில்லை. என் மகள் பாப்பா உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பெற்றவளை அந்தக் கோலத்தில் பார்த்த வேகத்தில் யார் மேலாவது எரிந்து விழ வேண்டும் போலிருந்திருக்கும், நீங்கள் கிடைத்தீர்கள். “இங்க கொண்டுவந்து வெச்சதும் ஓடுதே, வீட்டுல ஏன் ஓடல? இதக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாம எதுக்குக் கடை?” என்று அவள் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. நீங்கள் தலை குனிந்து நின்றது கண்ணிலேயே நிற்கிறது. அதனால்தான் சொல்கிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்.

நீங்கள் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தபோதே, நீங்கள் அக்கா என்று கூப்பிடுகிற என் மனைவி கட்டிலில்தான் இருந்தாள். அதற்கு முந்தைய கதை உங்களுக்குத் தெரியாது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவள் தைத்த துணி மேலேயே சாய்ந்தாள். மூளைக்குப் போகிற ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது. கை போனது, கால் போனது, வாய் போனது, கண் மட்டும் மிச்சம். காது நன்றாகக் கேட்கும். புத்தியில் ஒரு நூல் குறையவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவர் வந்து அந்தக் கம்ப்யூட்டரை வைத்துக் கொடுத்தார். திரையில் கட்டம் கட்டமாக எழுத்து. திரைக்குக் கீழே ஒரு கறுப்புப் பட்டை, அது இவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கும். எந்த எழுத்தை இவள் உற்றுப் பார்க்கிறாளோ, அது மேலே ஏறி உட்காரும். எழுதியதை வாய்விட்டுப் படிக்கும் குரல் அதில் கிடையாது. மனுஷன்தான் படிக்க வேண்டும்.

எனக்குப் படிக்கத் தெரியாது. மூட்டை சுமக்கிறவனுக்கு மூட்டை மேல் போட்ட குறி தெரிந்தால் போதாதா என்று காலத்தை ஓட்டிவிட்டேன். பஸ் போர்டைக்கூட அவள்தான் படித்துச் சொல்வாள். இப்போது அவள் எழுத நான் படிக்கும்படி ஆனது. அந்த அம்மா சுவரில் ஒட்டிவிட்டுப் போன எழுத்துத் தாளைப் பார்த்துப் பார்த்து, தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டினேன். நானாகக் கூட்டிப் படித்த முதல் சொல் ‘ஏங்க’. கட்டிக்கொண்ட நாள் முதல் அவள் என்னைக் கூப்பிடுவது அப்படித்தான். ஒரு எழுத்துக்குக் கண் நோக உற்றுப் பார்க்க வேண்டும். இருந்தாலும் அந்தச் சொல்லை அவள் மிச்சம் பிடித்ததில்லை. ஏங்க தண்ணி. ஏங்க திருப்புங்க. ஏங்க போதும்.

பழைய பெட்டியில் அதற்கு மேல் முடியாது. படம் உறைந்துபோய் நிற்கும். இவள் ஒரு எழுத்தைப் பார்த்தால் அது பக்கத்து எழுத்தைப் போடும். ஒரு நாளைக்கு நாலு சொல் வந்தால் பெரிது. எங்கள் இருவருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. பாப்பாதான் தூரத்திலிருந்து போனில் பார்த்துவிட்டு, “அம்மா எழுதுறதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுதுப்பா, ஒரு ஆளை அனுப்புறேன்” என்றாள். அந்த ஆள் நீங்கள்.

அன்றைக்கு நடந்தது நினைவிருக்கிறதா? பெட்டியைத் திறந்து, தூசி ஊதி, படம் காட்டுகிற புதுக் கார்டை அழுத்தி உட்காரவைத்து, ஸ்விட்சைப் போட்டீர்கள். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பு. மறுபடி கழற்றினீர்கள், மறுபடி மாட்டினீர்கள். நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“டிரைவர் இல்லாததால இருக்குமோ” என்று உங்களுக்குள்ளேயே முனகினீர்கள்.

“டிரைவர் எதுக்கு தம்பி? பெட்டி இங்கதானே இருக்கப் போகுது.”

“அண்ணே, அது லாரி டிரைவர் இல்லண்ணே.”

கட்டிலில் அவள் கண் சிரித்தது. அவள் சிரித்தால் கண்ணின் ஓரம் மட்டும் சுருங்கும். நான் அதைப் பார்த்தேன். அன்றைக்கு நாம் மூன்று பேரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

பிறகு நீங்கள் பெட்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தீர்கள். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டீர்கள்.

“மேல் ஓட்டைல செருகிட்டு ஊரெல்லாம் தேடிட்டிருக்கேன் பாருங்க. இந்த மேல இருக்கிறது மதர்போர்டு ஓட்டை, பழசு. கீழ இருக்கிறதுதான் புதுக் கார்டு. புது மருமக வந்து உக்காந்துட்டா. இனிமே மாமியார் வாயத் தொறக்க மாட்டாங்க.”

“வீட்டுக்கு வீடு இதே கதைதானா?”

“மேல செருகினாலும் பெட்டி ஓடும்ணே. உள்ள எல்லா வேலையும் நடக்கும். படம் மட்டும் வராது. நான் இல்லாதப்ப அக்காவுக்கு யாராவது ஒயரக் கழட்டி மாட்டினா, கீழ ஓட்டை, மறந்துடாதீங்க.”

மறக்கவில்லை, தம்பி. சொல்லிக் கொடுத்ததை மறக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

படம் வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. நீங்கள் சாமான்களைப் பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் ‘நன்றி தம்பி’ என்று எழுதினாள். எழுதி முடித்த வேகத்தைப் பார்த்தே நான் கொஞ்சம் பயந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அதன் பிறகு அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் நல்ல பேச்சு. ஏங்க சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருக்கீங்க. ஏங்க ஜன்னல் திரையை அழுக்குப் போகத் துவைங்க. நானும் சிரித்துக்கொண்டே செய்தேன். காலை லாரிக்கு மட்டும் போய்ச் சரக்கு இறக்கிவிட்டு வந்துவிடுவேன். வந்தால் தோள் தனியாக, இடுப்பு தனியாகக் கழன்று கிடக்கும். கதவைத் திறந்ததும் திரையில் எழுத்து காத்திருக்கும். ஏங்க மெதுவா. ஏங்க கை முரடா இருக்கு. ஏங்க முதுகுக்குக் கீழ எரியுது, பாருங்க. பார்த்தேன். ஒரு சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்திருந்தது. படுத்தே கிடந்தால் யாருக்கும் சிவக்கும். பவுடர் போட்டேன்.

பிறகு ஒரு நாள் இதை எழுதியிருந்தாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன் என்பதால் முழுவதும் மனப்பாடமாகிவிட்டது.

‘ஏங்க என்ன மூட்டை மாதிரி புரட்டுறீங்க. புண்ணு பெருசாகுது. உங்களால முடியல. ஞாயித்துக்கிழமை பாப்பாகிட்ட சொல்லப் போறேன். நர்ஸ் இருக்கிற இல்லத்துல சேர்த்துடட்டும்.’

என் கையில் ஒரு மூட்டை கிழிந்ததில்லை, தம்பி. கிடங்குக்குக் கண்ணாடிச் சரக்கு வந்தால் மற்றவர்களை நிறுத்திவிட்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். மேஸ்திரியைக் கேட்டுப் பாருங்கள். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் மூட்டை என்று எழுதினாள். இல்லத்தில் நர்ஸ் இருப்பாள், சரி. இவளுக்கு எந்தப் பக்கம் தலையணை வேண்டும் என்று அவளுக்குத் தெரியுமா? கண்ணைப் பார்த்தே சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேஜைக்கு அடியில் கூட்டுவதற்காகக் குனிந்தேன். பெட்டியின் பின்பக்கம் கண்ணில் பட்டது. கை தானாகப் போனது என்று சொல்ல மாட்டேன். நான்தான் போட்டேன். கீழ் ஓட்டையிலிருந்து உருவி மேல் ஓட்டையில் செருகினேன். சிக்னல் இல்லை என்று ஒரு கட்டம் கொஞ்ச நேரம் திரையில் மிதந்தது. பிறகு அதுவும் போனது.

அணைக்கவில்லை. ஒரு நாளும் அணைக்கவில்லை. படுத்துக் கிடக்கிறவளின் பெட்டியை அணைக்க எனக்கு மனம் வராது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. படம் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஒரு ஞாயிறுக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். ஞாயிறுதோறும் வருவது போலப் பாப்பா போனில் வந்தாள், கறுப்புத் திரையைக் காட்டினேன், “ஐயோ, புதுக் கார்டு போட்டதுமா” என்று உங்களைக் கூப்பிட்டாள். நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள்.

“அண்ணே, ஒயர் கீழ ஓட்டைலதானே இருக்கு?”

“கீழதான் தம்பி.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“நீங்க சொல்லிக் குடுத்தத மறப்பேனா?”

அதற்குப் பிறகு நீங்கள் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கேட்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். என்னை நம்பிவிட்டீர்கள், வேறு இடத்தில் தேடத் தொடங்கிவிட்டீர்கள். நான் அப்போது அவளுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தேன், கை ஈரம், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். கார்டைக் கழற்றி மாட்டச் சொன்னீர்கள், “மாட்டியாச்சு” என்றேன். ரேமைத் துடைக்கச் சொன்னீர்கள். அவள் பாதத்தைத் துடைத்துக்கொண்டே “துடைச்சாச்சு தம்பி” என்றேன். அதில் பாதி பொய்தான்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

நான் வாசலில் கொண்டுவந்து கொடுத்த பெட்டியைக் கடைக்கு எடுத்துப் போனீர்கள். “கடைல ராஜா மாதிரி ஓடுதுண்ணே, உங்க வீட்டுல என்னதான் கோளாறு” என்று கொண்டுவந்தீர்கள். உள்ளே வைத்துச் சரிபார்க்கிறேன் என்று செருப்பைக் கழற்றினீர்கள். நான் கதவை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, “உள்ள வராதீங்க தம்பி, அக்காவுக்குத் துணி மாத்திட்டிருக்கேன்” என்றேன். உடனே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நல்ல வளர்ப்பு. அந்த வளர்ப்பை நம்பித்தான் ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்னேன். அப்படியே வாசலில் பெட்டியை வாங்கிக்கொண்டேன், நானே மாட்டினேன், மேல் ஓட்டையில். பிறகு புது ஒயர் கொண்டுவந்தீர்கள், வாசலில் வாங்கிக்கொண்டேன். உங்கள் கடை மானிட்டரையே கழற்றிக் கொண்டுவந்தீர்கள், அதையும் வாசலில். அந்த மானிட்டரைக் கொடுத்துவிட்டு, நீங்கள் வாசலில் நின்றபடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டீர்கள்.

“அது என்னண்ணே உள்ள டிக் டிக்னு? விட்டு விட்டு வருது.”

“தெரியல தம்பி.”

“ஃபேன்ல ஒயர் உரசுதுபோல. ஒதுக்கி விடுங்க, அறுந்துடப் போகுது.”

சரி என்றேன்.

வீடு அமைதியாகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் எனக்காக ஒரு குறையும் திரையில் காத்திருக்காது. எவ்வளவு நாள் கழித்து அப்படி உட்கார்ந்தேன் தெரியுமா, காலை நீட்டிக்கொண்டு, அவள் பக்கத்திலேயே. இவளோடு பேசத் திரை எதற்கு, கண் இருக்கிறதே. ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை. அப்படித்தான் அந்த அம்மா பழக்கியிருந்தார். “வலிக்குதா?” என்று கேட்பேன். ஒரு தடவை இமைப்பாள். கண்ணில் தூசி விழுந்திருக்கும் என்று துடைத்துவிடுவேன். “என்கூட இருக்கிறது உனக்குப் பிடிச்சிருக்குதானே?” என்று ஒரு நாள் கேட்டேன். இரண்டு தடவை இமைத்தாள். ரொம்பப் பிடித்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த நர்ஸம்மாவை, நாங்கள் மகள் வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லி நிறுத்தினேன். வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். சிவப்பு கறுப்பானது. பவுடரை நிறுத்திவிட்டுத் துணி வைத்துக் கட்டினேன். பிறகு வாடை வந்தது. ஜன்னலைத் திறந்துவைத்தேன். அவளுக்கு உடம்பு சுட்டது, போர்வையை எடுத்துவிட்டேன். நான் கவனிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. வேலைக்குப் போன நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் பக்கத்தில்தான் இருந்தேன்.

அப்போதுதான் பாப்பா, “நானே கிளம்பி வர்றேம்பா, நாளைக்குக் காலைல அங்க இருப்பேன்” என்றாள். வந்தால் பெட்டியைப் பார்ப்பாள். அவள் உங்களைப் போல வாசலில் நிற்க மாட்டாள். அதனால் அன்று சாயங்காலம் ஒயரை உருவிக் கீழ் ஓட்டையில் செருகினேன். உங்கள் கார்டு ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. படம் வந்தது.

திரை நிறைய எழுத்து.

நீங்கள்தானே சொன்னீர்கள், பெட்டி ஓடும், உள்ளே எல்லா வேலையும் நடக்கும் என்று. அந்தக் கறுப்புப் பட்டை அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று அவளுக்கு மனப்பாடம். இருட்டில் ஊசிக்கு நூல் கோப்பவள் அவள். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு எழுத்து விழும்போதும் பெட்டிக்குள்ளிருந்து டிக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். முதல் நாளே வந்தது, நீங்கள் சாமான் எடுத்துவைக்கிற சத்தத்தில் கவனித்திருக்க மாட்டீர்கள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

எழுத்துக் கூட்டிப் படித்தேன். சில இடத்தில் எழுத்து தவறியிருந்தது, நான் திருத்திச் சொல்கிறேன்.

‘தம்பி மேல் ஓட்டை. தம்பி ஒயர் மேல இருக்கு. பாப்பா முதுகு. பாப்பா முதுகு. தம்பி உள்ள வாங்க. தம்பி மேல் ஓட்டை. தம்பி போகாதீங்க.’

கோளாறு என்ன என்று அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள். நீங்கள் வாசலில் நின்று அது என்ன சத்தம் என்று கேட்டபோது அவள் உங்களுக்குப் பதில்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ‘ஏங்க’ என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை, தம்பி. தேடிப் பார்த்தேன். தண்ணீர் வேண்டும் என்றால்கூட என்னைக் கூப்பிட்டுவிட்டு எழுதுகிறவள். ஆக, அது எனக்கு எழுதியதல்ல. எனக்கு எழுதாத ஒன்றை நான் படித்திருக்கக் கூடாது. அடுத்தவருக்கு வந்ததைப் படித்துவிட்டோமே என்றுதான் அதை அழித்தேன். வேறு எண்ணம் இல்லை.

மொத்தமாக எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ‘அழி’ என்ற கட்டத்தை மவுஸால் ஒவ்வொரு தடவையாக அமுக்கினேன். ஒரு தடவைக்கு ஒரு எழுத்து போகும். அதற்கும் டிக் என்ற சத்தம். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கலாம். தோன்றவில்லை. எல்லாம் போய்த் திரை வெறுமையானதும் கையை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன். இப்போதாவது எனக்கென்று ஒன்று எழுதுவாள், ஏங்க என்றாவது எழுதுவாள் என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். களைப்பாக இருந்திருக்கும்.

மறுநாள் பாப்பா வந்ததும் வாசலிலேயே மூக்கைப் பொத்தினாள். அம்மாவைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். எலும்பு தெரிகிறது என்று டாக்டர் சொன்னார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது, கொஞ்சம் முன்னால் யாராவது சொல்லியிருந்தால் என்றார். யார் சொல்வது, படம்தான் வரவில்லையே என்று பாப்பா அழுதாள். நானும் அழுதேன். பொய்யாக அழவில்லை.

இன்று காலையில் நீங்கள் அதே பெட்டியை, அதே கார்டை இங்கே கொண்டுவந்து அவள் கட்டில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தீர்கள். மாட்டியதும் படம் வந்தது. நான் அறைக்குள் இருந்தவரை அவள் ஒன்றும் எழுதவில்லை. பாப்பா கெஞ்சிக்கூடப் பார்த்தாள், “ஒரு எழுத்தாவது போடும்மா” என்று. அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை எதுவும் இருந்தால்தானே எழுதுவாள். அவள் கண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியும், தம்பி. மற்றவர்களுக்குத்தான் திரை வேண்டும்.

அப்புறம் பாப்பா, “நீங்க கொஞ்ச நேரம் வெளிய உக்காருங்கப்பா, அம்மாவுக்குத் தலை வாரணும்” என்றாள். வந்துவிட்டேன். உங்களோடு பேச ஆரம்பித்தபோது உள்ளே சீப்புச் சத்தமும் அவள் பேச்சுச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. இப்போது பாப்பாவின் பேச்சு நின்றுவிட்டது, கவனித்தீர்களா?

டிக் டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. முன்னைப் போல விட்டு விட்டு இல்லை, நிற்காமல் வருகிறது. ஃபேனில் ஒயர் உரசுகிறது போல. அறுந்துவிடப் போகிறது. இந்தத் தடவை நீங்களே உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள், தம்பி. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.